கனத்த காரும் கொதிக்கும் தடமும்: சொகுசு ஸ்போர்ட்ஸ் செடானை டிராக் டேக்குத் தயார்செய்வது எப்படி?

டிராக் டே என்பது சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள். அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. பி.எம்.டபிள்யூ எம்340ஐ காரை எடுத்துக்கொள்வோம். ஓட்டுபவரும் பெட்ரோலும் சேர்ந்தால் ஏறத்தாழ 1,800 கிலோ. மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் வரும் அந்தக் காரை வளைவுக்காக 80-க்குக் குறைக்கும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் சுமார் 18 லட்சம் ஜூல். அடுக்களைக் கணக்கில் சொன்னால், 30 டிகிரியில் இருக்கும் 6 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் சூடு. கேஸ் அடுப்பில் அதற்கு இருபது நிமிடமாவது ஆகும். காரில் மூன்று, நான்கு விநாடியில் முடிந்துவிடுகிறது. ஒரு சுற்றில் இப்படி நான்கைந்து முறை, பதினைந்து நிமிடத்துக்கு நிறுத்தாமல்.

சொகுசு செடானைத் தடத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது, இன்ஜின் சக்தியைக் கூட்ட எங்கே போகலாம் என்பதைத்தான். 2021-இல் இந்தியாவில் அறிமுகமாகி, செங்கல்பட்டு அருகே மகேந்திரா வேர்ல்ட் சிட்டி ஆலையில் பூட்டப்படும் இந்தக் கார், 3 லிட்டர் ஆறு சிலிண்டர் டர்போ இன்ஜினோடு 387 குதிரைத்திறனும் 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தந்தது. நிற்கும் நிலையிலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட 4.4 விநாடி. இதற்கு மேல் என்ன வேண்டும்? இந்தக் காரில் குறைவாக இருப்பது வேகமல்ல, சூட்டைத் தாங்கும் திராணி. அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே வேலையைத்தான் செய்யப்போகிறது: சூடு எங்கே பிறக்கிறது, எங்கே தேங்குகிறது, அதை எப்படி வெளியேற்றுவது.

ஒரு மாதம் முன்பு: தடத்தையும் காகிதத்தையும் பார்த்துவிடுங்கள்

சென்னைக்காரர்களுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது. சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில் பந்தயம் நடத்திவந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் சொந்தத் தடம் அது. 1990-இல் திறக்கப்பட்டது, 3.717 கி.மீ. நீளம், 12 வளைவுகள். கோவை செட்டிபாளையத்தில் பந்தய வீரர் கரிவரதன் நினைவாகப் பெயரிடப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கி.மீ.தான். சிறியது என்பதால் எளிது என்று நினைத்துவிடாதீர்கள். வளைவுக்கும் வளைவுக்கும் இடையே பிரேக் ஆறுவதற்கு இடைவெளி குறைவு. கிரேட்டர் நொய்டாவின் புத்தா தடம் 5.125 கி.மீ. அதன் பின்நேர்சாலை ஒரு கிலோமீட்டருக்கு மேல். அங்கே 230 கி.மீ. தொட்டுவிட்டு 80-க்கு இறங்கினால், மேலே சொன்ன 18 லட்சம் ஜூல் 32 லட்சமாகிவிடும். வேகம் கால்பங்கு ஏற, சூடு முக்கால்பங்கு ஏறுகிறது. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால் வரும் வினை இது.

காகிதம் என்றது காப்பீட்டை. நம் நாட்டு வழக்கமான கார் பாலிசியில் ‘பயன்பாட்டு வரம்புகள்’ என்ற பகுதியைத் தேடிப் படியுங்கள். ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்குக் காப்பு கிடையாது என்று அதில் இருக்கும். தடத்தில் சுவரில் உரசினால் செலவு உங்கள் பையிலிருந்துதான். அந்தத் தொகையைத் தாங்க முடியாது என்றால் இந்தக் காரில் போகாதீர்கள். பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கிக்கொண்டு போவதில் எந்த அவமானமும் இல்லை.

இரண்டு வாரம் முன்பு: பிரேக்

பாதிப் பணத்தையும் பாதிக் கவனத்தையும் இங்கேயே போடுங்கள். அதிலும் முதலில் பிரேக் ஆயில்.

பிரேக் ஆயிலுக்குக் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. டாட் 4 தரத்தின்படி புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறியபின் 155 டிகிரி இருந்தாலே போதும் என்கிறது அதே தரம். கடற்கரை ஊர்க் காற்றில் இரண்டு வருடம் கிடந்த ஆயில் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைப் பேடால் இறுக்கிப் பிடிக்கும் காலிப்பருக்குள் ஆயில் கொதித்தால் ஆவிக்குமிழ் உண்டாகிறது. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். ஆகவே நீங்கள் மிதிப்பது பேடுக்குப் போய்ச் சேராமல் குமிழிலேயே தீர்ந்துவிடும்.

எனக்கு இது நேர்ந்திருக்கிறது. பல வருடங்களுக்கு முன், வேறொரு செடான். ஆயில் மாற்றி இரண்டரை வருடம் ஆகியிருந்தது. ‘நன்றாகத்தானே பிடிக்கிறது’ என்று விட்டுவிட்டேன். ஐந்தாவது சுற்றில் பெடல் இலவம்பஞ்சுத் தலையணைக்குள் கால் வைத்தது போல அமுங்கித் தரையைத் தொட்டது. விட்டுவிட்டு மறுபடி மறுபடி குத்தியதில் மூன்றாவது மிதிக்குக் கொஞ்சம் பிடித்தது. அதற்குள் கார் தடத்தைத் தாண்டி மண்ணில் இறங்கி நின்றுவிட்டது. அடிபடவில்லை. தவறு முழுக்க என்னுடையது. அன்றிலிருந்து ஆயில் மாற்றாமல் தடத்துக்குப் போனதில்லை.

பந்தயத்துக்கென்றே விற்கும் ஆயில் போடுங்கள். மோட்டுல் ஆர்பிஎஃப் 600, காஸ்ட்ரால் எஸ்ஆர்எஃப் போன்றவற்றின் உலர் கொதிநிலை 300 டிகிரிக்கு மேல். டாட் 5 என்று எழுதியிருக்கும் சிலிகான் ஆயிலை மட்டும் தொடாதீர்கள். அது வேறு சாதி, உங்கள் பிரேக்குக்கு ஒத்துவராது. டாட் 5.1 என்பது 5 அல்ல, அதில் குழம்ப வேண்டாம். மூடி திறந்த பழைய டின்னில் மிச்சம் இருப்பதை ஊற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். காலிப்பரில் ஆயிலை வெளியேற்றும் குமிழ்வாயில் மாட்டிய, உள்ளே ஓடுவது தெரியும் குழாயில் முதலில் கடுங்காப்பி நிறத்தில் வரும். நடுவே ஊசிமுனை அளவில் குமிழ்கள் ஓடும். பிறகு தேனாகி, கடைசியில் புது ஆயிலின் வெளிர்நிறம் வரும். அந்த நிறம் வந்தபின்னும் இன்னும் கொஞ்சம் விட்டு மூடச் சொல்லுங்கள். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பதற்கு வெளிநாட்டு வழிகாட்டிகள் பின்பக்க வலது என்று சொல்லும். அது இடப்பக்கம் ஸ்டீயரிங் உள்ள ஊர்க் கணக்கு. நம் கார்களில் பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பெரும்பாலும் வலப்பக்கம் இருப்பதால் தூரத்துச் சக்கரம் பின்பக்க இடது. இறுதி வார்த்தை உங்கள் காரின் சர்வீஸ் கையேட்டுடையது.

அடுத்தது பேட். கம்பெனி பேடு சத்தமில்லாமல், தூசி கொட்டாமல், குளிர்ந்த காலையில் முதல் மிதிக்கே பிடிப்பதற்காகச் செய்யப்பட்டது. தடத்துச் சூட்டில் அது வழுக்கத் தொடங்கும். இதன் அடையாளம் வேறு: பெடல் கெட்டியாகவே இருக்கும், கார் நிற்காது. பெடல் அமுங்கினால் ஆயில், பெடல் கெட்டியாக இருந்தும் நிற்கவில்லை என்றால் பேட். இந்த ஒரு வேறுபாட்டை மனப்பாடம் செய்துகொண்டால் தடத்தோரம் காரை நிறுத்திப் பார்க்கும் பிட்டில் நேரம் வீணாகாது. ஃபெரோடோ டிஎஸ்2500 போன்ற, சாலைக்கும் தடத்துக்கும் பொதுவான பேட் முதல் ஆண்டுக்குப் போதும். கீச்சிடும், சக்கரத்தைக் கறுப்பாக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். கம்பெனி பேடோடுதான் போகிறீர்கள் என்றால், தடிமன் பாதிக்குக் கீழே தேய்ந்திருக்கக் கூடாது. தேய்ந்த பேட் சூட்டைத் தடுக்காமல் நேராக ஆயிலுக்குக் கடத்தும்.

டிஸ்க்கின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். மேலோட்டமாக, முடியளவு விரிசல் இருந்தால் கவலையில்லை. நகம் மாட்டுகிற விரிசல், அதுவும் விளிம்புவரை ஓடியிருந்தால், அந்த டிஸ்க் பழைய இரும்புக் கடைக்கு. குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும்.

புது பேடைப் பழக்க வேண்டும். 100-லிருந்து 30 வரை எட்டு, பத்து முறை திடமாக மிதித்து, எப்போதும் முழுதாக நிறுத்தாமல், பிறகு நன்றாக ஆறவிட வேண்டும். இதை நெடுஞ்சாலையில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பின்னால் வரும் லாரிக்கு உங்கள் பேட் பழகுவது தெரியாது. தடத்தில் ஒவ்வொரு முறை இறங்கி ஓட்டுவதும் ஒரு செஷன்; முதல் செஷனை இதற்கு ஒதுக்குங்கள்.

டயர்

சொகுசு செடான்கள் பலவற்றில் ரன்பிளாட் டயர் வருகிறது. பஞ்சரானாலும் ஓடுவதற்காகப் பக்கச்சுவரைத் தடிப்பாக்கிய டயர். அதனாலேயே கனமும் கூடுதல். தடத்தில் சாதாரணக் கோடைக்கால ஸ்போர்ட்ஸ் டயர்தான் நல்லது. மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் போன்றது போதும். அரைப்பந்தய டயரை முதல் வருடத்தில் வாங்காதீர்கள். அதன் பிடிப்பு உங்கள் தவறுகளை மறைத்துவிடும். பிடி விடும்போது சொல்லாமல் விடும். மாற்றிவிட்டால், வீடு திரும்பும் வழிக்குப் பஞ்சர் கிட்டும் காற்றடிக்கும் பம்ப்பும் டிக்கியில் இருக்கட்டும்.

டயரின் வயதைப் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கம் சொல்லும். 2423 என்றால் 2023-இன் 24-ஆவது வாரம். ஐந்து வயது கடந்ததை, பட்டன் எவ்வளவு இருந்தாலும், தடத்துக்கு ஓட்டாதீர்கள்.

காற்றழுத்தத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். டயருக்குள் வெப்பம் 10 டிகிரி ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ 1.5 பிஎஸ்ஐ ஏறும். காலையில் 30 டிகிரியில் 30 பிஎஸ்ஐ வைத்து, நான்கு சுற்றில் டயருக்குள் 80 டிகிரி ஆனால் 37 காட்டும். கனமான செடானுக்குச் சூடான நிலையில் 36 முதல் 38 என்பது நல்ல தொடக்கப்புள்ளி. 36 வைத்துக் கிளம்பினால் 44-இல் போய் நிற்கும். டயர் பந்து போல உப்பி நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும். ஆகவே பிட்டுக்கு வந்த உடனே, சூட்டோடு அளந்து, தேவைக்கு மேல் உள்ளதை விடுங்கள். மாலையில் திரும்பும்போது ஆறிய டயரில் காற்று மிகக் குறைந்திருக்கும், மறக்காமல் அடித்துக்கொள்ளுங்கள்.

பழைய தந்திரம் ஒன்று: வெள்ளை ஷூ பாலிஷால் டயரின் ஓரத்தில், பட்டன் முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் இடத்தில், மூன்று கோடு போடுங்கள். ஒரு செஷன் ஓட்டி வந்தபின் பாலிஷ் எதுவரை அழிந்திருக்கிறது என்று பாருங்கள். பக்கச்சுவரில் உள்ள சின்ன முக்கோணக் குறியைத் தாண்டி அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது: காற்றைக் கொஞ்சம் கூட்டலாம், அல்லது நீங்கள் ஸ்டீயரிங்கை அளவுக்கு மீறித் திருப்புகிறீர்கள். இரண்டாவதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

முன் டயர்களின் வெளி ஓரம் ஒரே நாளில் கரைந்துபோவதற்குக் கேம்பரும், அதாவது சக்கரத்தின் சாய்வும், காரணம். சாலைக் கார்களில் சக்கரம் கிட்டத்தட்ட நேராக நிற்கும்படி வைத்திருப்பார்கள். வளைவில் உடல் சாயும்போது வெளிச்சக்கரம் தன் வெளி ஓரத்தில் ஏறி நின்றுவிடும். சக்கரத்தின் மேல்பக்கத்தை இரண்டு டிகிரி அளவுக்கு உள்நோக்கிச் சாய்த்து வைத்தால் டயர் முழுப் பாதத்தோடு நிற்கும். இதற்குத் தனி பிளேட் பூட்ட வேண்டியிருக்கும். வருடத்துக்கு நான்கு முறைக்கு மேல் போவதாக இருந்தால் செய்யுங்கள், இல்லையென்றால் வேண்டாம். ஸ்பிரிங்கைத் தாழ்த்துவது, இன்னும் பெரிய வீல் போடுவது ஆகியவை புகைப்படத்துக்கு.

இன்ஜினும் கியரும்

இங்கே அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சர்வீஸ் இடைவெளியில் பாதி கடந்திருந்தால் இன்ஜின் ஆயிலை மாற்றிவிடுங்கள். கையேடு அனுமதிக்கும் வகைகளுக்குள் சற்றுக் கெட்டியானது நல்லது. பல ஜெர்மன் கார்களில் டிப்ஸ்டிக்கே கிடையாது. திரையில்தான் அளவு பார்க்க வேண்டும். மேல்கோட்டுக்கு அருகே இருக்கட்டும், தாண்ட வேண்டாம். கூலன்ட் அளவு, பெல்ட், ரேடியேட்டர் முன்னால் ஒட்டிய பூச்சியும் சருகும், இவ்வளவுதான். எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கில் ஆயில் ‘ஆயுள் முழுவதும்’ வரும் என்று கார் விற்பவர்கள் சொல்வார்கள். அந்தக் கியர்பெட்டியைச் செய்யும் இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது. செய்தவன் சொல்வதைக் கேட்பேன்.

முந்தைய நாள் மாலை

காரைக் காலி செய்யுங்கள். டிக்கியில் குடை, தண்ணீர்க் கேன், பூஜைக்கு வாங்கிய தேங்காய். கதவுப் பையில் சில்லறை. எல்லாம் வெளியே. ஓட்டுநர் பக்கத் தரைவிரிப்பைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள், அது முன்னே நகர்ந்து பெடலுக்கு அடியில் செருகிக்கொள்ளும். டாஷ்போர்டுப் பிள்ளையாரையும் ஒருநாள் வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். கடும் பிரேக்கில் இரட்டைப்பக்க நாடாவை நம்பி அவரை உட்காரவைப்பது அவருக்கும் நல்லதல்ல, உங்கள் நெற்றிக்கும் நல்லதல்ல.

டிக்கித் தரைக்கு அடியில் இருக்கும் இழுவைக் கொக்கியை எடுத்து முன் பம்பரில் ஒருமுறை பூட்டிப் பாருங்கள். அந்தச் சின்ன மூடி எப்படித் திறக்கும் என்பதை மண்ணில் சிக்கியபின் கண்டுபிடிக்க வேண்டாம். வீல் போல்ட்டுகளை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். இந்தக் காருக்கு 140 நியூட்டன் மீட்டர். திருட்டுத் தடுப்பு போல்ட்டின் சாவி எங்கே இருக்கிறது என்று இன்றே தேடுங்கள். டேங்க்கை நிரப்புங்கள். 95 ஆக்டேனுக்குக் குறையாத பெட்ரோல். தடத்தில் லிட்டருக்கு இரண்டு, மூன்று கி.மீ.தான் கிடைக்கும், கால் டேங்க்குக்குக் கீழே போனால் நீண்ட வளைவில் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கி இன்ஜின் விக்கும்.

ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். சன்ரூஃப் உள்ள கார்களில் கூரை தாழ்வு. உயரமானவர்களுக்குத் தலை முட்டும். சீட்டை இறக்கி, சாய்மானத்தை நிமிர்த்தி, பிரேக்கை முழுதாக மிதித்தாலும் முழங்கால் மடங்கியே இருக்கும் தூரத்தில் வையுங்கள். தோளைச் சீட்டிலிருந்து எடுக்காமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிய வேண்டும். ஹெல்மெட் வாங்குவதாக இருந்தால் ஸ்னெல் எஸ்ஏ வகை வாங்குங்கள்; அதன் உட்புறம் தீயைத் தாங்கும், பைக் ஹெல்மெட்டுக்கு அந்தச் சோதனை கிடையாது. உடை பருத்தி. சூட்டில் தோலோடு ஒட்டும் செயற்கை இழை வேண்டாம். மெல்லிய அடிப்பாகமுள்ள ஷூ.

அன்று

மார்கழி, தை மாதங்களில் காலை முதல் செஷன் பொன் போன்றது. சித்திரை வெயிலில் போனால் நான் சொன்ன எல்லாச் சூட்டோடும் தார்ச்சூடும் சேர்ந்துகொள்ளும்.

கொடிகளை விளக்கும் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள். மஞ்சள் கண்டால் வேகம் குறைத்து முந்தாமல் போவது, சிவப்பு கண்டால் செஷன் நின்றது, மஞ்சளில் சிவப்புக் கோடுகள் என்றால் தடம் வழுக்கும். இவை கேள்வி கேட்காமல் காலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பின்னால் வேகமாக வருபவருக்குக் கைகாட்டி வழிவிடுங்கள். 387 குதிரைத்திறன் செடானை ஒரு பழைய ஹேட்ச்பேக் முந்திப்போகும், போகட்டும்.

பாதை விலகல் எச்சரிக்கை, தானியங்கி அவசர பிரேக் ஆகியவற்றை அணைத்துவிடுங்கள். கார் சறுக்காமல் காக்கும் நிலைப்புக் கட்டுப்பாட்டை அணைக்காதீர்கள். அது தலையிடும்போது டாஷ்போர்டில் விளக்கு மினுக்கும். எந்த வளைவில் மினுக்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்; இலவச ஆசிரியர். ஒரு செஷன் முழுக்க மினுக்காமல் ஓட்டியபின் அடுத்த படிக்குப் போவதைப் பற்றி யோசிக்கலாம்.

கனமான காருக்கு இருபது நிமிடச் செஷன் அதிகம். ஒரு சுற்று சூடேற்ற, மூன்று சுற்று வேகமாக, ஒரு சுற்று பிரேக்கையே தொடாமல் ஆறவிட. பிறகு உள்ளே வந்துவிடுங்கள். பிரேக்கை நேர்க்கோட்டில், ஒரே முறை, அழுத்தமாக மிதித்து விடுங்கள். நீண்ட நேரம் லேசாக மிதித்துக்கொண்டே வருவதுதான் டிஸ்க்கை வேகவைக்கும்.

பிட்டுக்கு வந்தபின் செய்யக் கூடாதது ஒன்று: ஹேண்ட்பிரேக். கொதிக்கும் பேடை டிஸ்க்கில் இறுக்கி வைத்தால் பேடின் பொருள் அந்த இடத்தில் படிந்து, அதன்பின் ஒவ்வொரு மிதிக்கும் ஸ்டீயரிங் நடுங்கும். நின்ற காரைத் தானாகப் பிரேக்கில் பிடித்துவைக்கும் ஆட்டோ ஹோல்டையும் அணைத்து, கியரை பார்க்கிங்கில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். டர்போ ஆற இரண்டு நிமிடம் இன்ஜின் ஓடட்டும். பிறகு பானெட்டைத் திறந்து விட்டுவிட்டு நீங்களும் நிழலுக்குப் போங்கள். உப்புப் போட்ட மோர் குடியுங்கள். மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு மூன்று மணிச் செஷனில் இறங்கியவர்கள் பிரேக் புள்ளியைத் தவறவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

சக்கரம் கைபொறுக்கும் அளவுக்கு ஆறியதும் வீல் போல்ட்டுகளை மறுபடி 140-க்குச் சரிபாருங்கள். கடைசிச் செஷனுக்கு முன்னால் களைப்பாக இருந்தால் அதை விட்டுவிடுங்கள். கட்டிய பணம் போனது போனதுதான்.

கிளம்பும்போதும் வீடு திரும்பியபின்னும்

தடத்தின் வாசலைத் தாண்டும் முன்பே, மெதுவான வேகத்தில் இரண்டு முறை பிரேக் பிடித்துப் பாருங்கள். பெடலின் ஓட்டம் காலையில் இருந்ததைவிட நீண்டிருந்தால் ஆயிலில் குமிழ் இருக்கிறது. வீட்டுக்கு மெதுவாக ஓட்டிப்போய் அந்த வாரமே கொஞ்சம் வெளியேற்றிவிடுங்கள். மறுநாள் சக்கரங்களைக் கழற்றி பேடின் தடிமனை அளந்து, எத்தனை சுற்றுக்கு எத்தனை மில்லிமீட்டர் தேய்ந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். குளிர், சூடு இரண்டிலும் இருந்த காற்றழுத்தம், அன்றைய வெயில், மினுக்கிய வளைவுகள் எல்லாம் அதே பக்கத்தில் இருக்கட்டும். டயர் இடுக்கில் ஒட்டியிருக்கும் ரப்பர்த் துணுக்குகள் நான்கைந்து நாளில் தானாக உதிரும். அதுவரை தரையோடு உரசிச் சத்தம் வரும், பயப்பட வேண்டாம். டார்க் ரெஞ்சைப் பெட்டியில் வைக்கும் முன் அதன் கைப்பிடியை மிகக் குறைந்த அளவுவரை தளர்த்தி வையுங்கள். 140-இலேயே விட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்து, அடுத்த முறை பொய் சொல்லும்.